ஆறாம் கொட்டகை முட்டை

சூரமங்கலம், சேலம்
3-2-2025, திங்கள்

அன்புள்ள காளியப்பனுக்கு,

நீயும் வசந்தாமணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. போனில் நீ பேசப் பேச நான் ஆமாம் போட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டைக்கு முட்டை இறக்க வரும் உன் டிரைவர் சின்னானிடம் கொடுத்தனுப்புகிறேன். சொல்ல வேண்டியவை மூன்று:

1. போன வாரம் உன் பண்ணை முட்டைக்கு நான் கையெழுத்திட்ட லேப் ரிப்போர்ட் தவறு.
2. ஆறாம் கொட்டகைக் கோழிகளுக்குச் சளி மருந்து கொடுத்ததை நீ எங்களிடம் மறைத்தாய்.
3. வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்கு முட்டைக் கண்டெய்னர் கிளம்பக் கூடாது.

முதலாவது. லேபுக்கு வருமுன் முப்பத்திரண்டு வருடம் தீவன ஆலையில் கெமிஸ்டாக இருந்தவன் நான். எல்லா மூட்டையிலும் கொஞ்சம் எடுத்து, குவித்து, ஒன்றாகக் கலந்து பார்ப்பது என் கைக்குப் பழகிப்போன வேலை. தீவனத்துக்குச் சராசரி போதும். அதே பழக்கத்தில் உன் பத்துக் கொட்டகை முட்டைகளையும் ஒரே பாத்திரத்தில் உடைத்துக் கலக்கினேன். மருந்தின் எச்சம் ஆறு என்று வந்தது. வரம்பு பத்து. தேறியது என்று எழுதினேன். சனிக்கிழமை மனது கேட்காமல், குளிர்பெட்டியில் மீதமிருந்த முட்டைகளைத் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்பது கொட்டகைகளில் ஒன்றுமில்லை. ஆறாவதில் ஐம்பத்தெட்டு.

இரண்டாவதை விரித்து எழுத மனம் வரவில்லை.

மூன்றாவது. இதைச் சாப்பிட்டவர் அன்றே படுத்துவிட மாட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கும் அதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். முட்டையில் தினம் கொஞ்சமாகப் போய்க் கிருமிகளுக்குப் பழகிவிட்டால் பிறகு அது கேட்காது. நான் அதிகம் பயப்படுகிறேனோ என்றும் தோன்றுகிறது. பதில் எழுது.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்

நாமக்கல்
4-2-2025

டேய் ஜெகா,

சினேகிதனுக்கு நம்பர் போட்டு லெட்டர் எழுதறவன் நீ ஒருத்தன்தான்டா. "அண்ணன் வக்கீலுக்குப் படிச்சிருக்கோணுமுங்க"ன்னு வசந்தாமணி சிரிச்சா. ரெண்டாவது நம்பர் வந்ததும் அவ சிரிப்பு நின்னுபோச்சு.

மறைச்சேன்னு எழுதிட்டியே. முட்டைத் தட்டோட வந்த சீட்டுல நானே எழுதினேன்: ஆறாங் கொட்டகைக்கு மருந்து குடுத்திருக்கு, நிறுத்தி நாலு நாள்தான் ஆச்சுன்னு. நீ பாத்துச் சொல்லுவேன்னுதான் அனுப்பிச்சதே. நீ தேறிச்சுன்னே. நான் பத்துக் கொட்டகை முட்டையும் ஒண்ணா அடுக்கிப்போட்டேன். இப்ப எது ஆறாங் கொட்டகைதுன்னு கோழியெக் கூட்டியாந்து கேக்கோணுமா?

என் புள்ளெ பிரவீனா ரெண்டு வருசமா அலைஞ்சு புடிச்ச முதல் வெளிநாட்டு ஆர்டர் இது. இந்த ஒரு தடவெ உடு. அடுத்ததுல இருந்து தனித்தனியாப் பாரு, நானே கொண்டாரேன். கும்புட்டுக் கேட்டுக்கறேன் சாமி.

காளியப்பன்

சூரமங்கலம்
5-2-2025

அன்புள்ள காளியப்பனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். லேப் முதலாளி பூபதியிடம் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "அப்படி எதுவும் வரலைங்க சார். மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க" என்றார். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று பகல் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றேன். உங்களிடம் முட்டை வாங்கும் கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில், மருந்து கொடுத்த விவரத்தைப் பண்ணை உரிமையாளர் மறைத்துவிட்டார் என்று எழுதினேன். அந்த வரியை மூன்று முறை அடித்துத் திருத்தினேன். கடைசியில் அதுவே நின்றது.

பிரவீனாவிடம் என்ன சொல்வாய்? நானாக வந்து சொல்லட்டுமா?

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்

நாமக்கல்
7-2-2025

ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

கண்டெய்னரெ எறக்கியாச்சுங்க. முட்டையெல்லாம் குழி வெட்டி மூடறோம். நீங்க கலந்தது தப்பு, நிறுத்தினது சரி. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க.

ஆனா மறைக்கிறவங்ககிட்ட இனி வாங்கறதில்லைன்னு கம்பெனிக்காரங்க பிரவீனாவுக்கு எழுதிட்டாங்க. "உங்க சினேகிதர்தானப்பா எழுதியிருக்காரு"ன்னு மட்டும் கேட்டா.

நாப்பத்தஞ்சு வருசப் பழக்கமுங்க. நேத்து வந்த முதலாளிகிட்டக் கேட்டீங்க. லேபுல கட்டி வெச்ச சீட்டுங்களெ நீங்களே அவுத்து ஒரு தடவெ பாக்கத் தோணலீங்களா?

இனிச் சின்னான்கிட்ட எதையும் குடுத்தனுப்ப வேண்டாமுங்க. வரவும் வேண்டாமுங்க.

காளியப்பன்

சூரமங்கலம்
12-2-2025

அன்புள்ள காளியப்பனுக்கு,

சின்னானைச் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்தேன். "வாங்கிட்டுப் போனா ஏசுவாருங்க, என்னெ உட்டுருங்க" என்றான். அதனால் தபாலில் போடுகிறேன். நீ பிரிப்பாயா என்று தெரியாது.

திங்கட்கிழமை பூபதி வெளியே போயிருந்தபோது ஜனவரி மாதச் சீட்டுக் கட்டை அவிழ்த்தேன். அவர் இருக்கும்போது அவிழ்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உன் சீட்டு இருந்தது. நீ சொன்ன அதே வார்த்தைகள். கீழே என் பச்சை மை டிக். பத்துச் சீட்டும் வந்துவிட்டனவா என்று எண்ணி டிக் போட்டிருக்கிறேன், படிக்கவில்லை. எப்படியும் கலக்கத்தானே போகிறோம் என்று நினைத்திருப்பேன்.

கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் அனுப்பினேன். பண்ணை முன்பே தெரிவித்துவிட்டது, லேபில் அந்தச் சீட்டைப் படிக்காமல் விட்டவன் நான் என்று எழுதி, சீட்டின் நகலையும் வைத்தேன். பிரவீனாவுக்குத் தனியாக ஒரு நகல். பூபதியிடமும் காட்டினேன். படித்துவிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க சார்" என்றார். கம்பெனியிலிருந்து பதில் இல்லை. முதல் கடிதத்தை நம்பிய வேகத்தில் இதையும் நம்புவார்களா, சொல்ல முடியாது.

கண்டெய்னரை நிறுத்தியதை இன்றைக்கும் செய்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் முதல் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். அதில் ஒன்றும் மூன்றும் சரி. இரண்டாவது தவறு.

ஜெகதீஸ்வரன்