தனியே வாழ்ந்தார் என்று எழுதச் சொன்னார்கள்

என் அன்பு மாமா,

நீங்கள் உயிரோடு இருந்தபோது நாவலப்பிட்டிக்கு ஒழுங்காகக் கடிதம் போடாதவள், இப்போது எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் விடாத மழை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சரித்திர வகுப்பு தந்திருக்கிறார்கள். இன்னும் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுகிறேன். சிரிக்காதீர்கள்.

நேற்று உங்கள் முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் உங்கள் வீட்டுச் சூசை என் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சர், உங்க மாமா கொறட்டை விட்டா கூட்ஸ் வண்டி போற மாதிரி இருக்கும். இப்ப அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வரல" என்றார். பின்னால் நின்ற பெரியண்ணன், "வாடகைக்கு இருந்தவருக்குக் கொறட்டை எல்லாம் தெரியுதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சூசையும் சிரிக்கப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உங்கள் நினைவு அட்டைக்கு வாசகம் எழுதச் சொன்னார். வீட்டில் படித்தவள் நான்தானே.

"கல்யாணம் கட்டாம தனியா வாழ்ந்தார்னு போடும்மா."

"அப்ப சூசை?"

"அவரைப் பத்தி யாரும் கேக்கல. நீயும் கேக்காதே."

எழுதினேன் மாமா. அழகான கையெழுத்தில் எழுதினேன்.

பிறகு வகுப்புக்காக மெக்சிக்கோவின் சரித்திரத்தைப் புரட்டினேன். ஸ்பானியர் அங்கே ஆட்சியைப் பிடித்த பிறகு, பாதிரிமார் அந்நாட்டுப் பூர்வகுடிகளான நாவா மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்களாம். அந்தப் பிள்ளைகள் தங்கள் சனத்தின் வழக்கங்களைத் தங்கள் பாஷையிலேயே எழுதிக் கொடுத்தார்கள். ஆணோடு வாழும் ஆணைப் பற்றியும் எழுதினார்கள்: அவன் நெருப்புக்கே உரியவன் என்று. அது முன்னோர் சொன்னதா, பள்ளியில் படித்ததா? நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். எழுதியவர்களுக்கும் மாமன்மார் இருந்திருப்பார்கள் அல்லவா? அந்த வரியை எழுதும்போது யார் முகம் நினைவுக்கு வந்திருக்கும்?

புத்தகத்தை மூடிவிட்டேன். நானும் பாதிரிமார் பள்ளியில் படித்தவள்தான். நான் யாரையும் நெருப்பில் போடவில்லை. உங்கள் காய்ச்சல் நாட்களில் உங்களுக்குச் சவரம் செய்து, கஞ்சி ஊட்டிய மனிதரை ஒரு சொல்லில் இல்லாமல் ஆக்கினேன். அவ்வளவுதான்.

அட்டையில் தனியே வாழ்ந்தார் என்ற வரியை அடித்துவிட்டேன். "நண்பர் சூசையோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார்" என்றுதான் அட்டை அச்சுக்குப் போகும். அம்மா அழுவார். பெரியண்ணன் கத்துவார். நான் வழக்கம்போலச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனாலும் மாற்ற மாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

இனித்தான் நான் கேட்க வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை எந்த முறை சொல்லியும் நான் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "கேளுங்க", அதோடு சரி. முறை சொன்னால் உறவாகிவிடும் என்ற பயம். அட்டையைக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்குப் போகிறேன். கதவைத் திறந்ததும் அவரைச் சின்ன மாமா என்று கூப்பிடட்டுமா?

உங்கள் இருவருக்கும் மருமகள்,
பிலோமினா