சும்மா உட்காரக் கனடா

2025 ஜூன் 4
கரும்புக்குத் தண்ணீர் கட்டினேன். மோட்டார் இரண்டு முறை மக்கர். கனடாவிலிருந்து தங்கை எழில்மதி பேசினாள். அவள் மகள் இலக்கியாவுக்கு ஆவணியில் காது குத்தாம். "நீ வந்தாதான் அண்ணா குத்துவேன். தாய்மாமன் மடி வேணும்ல?" எங்கள் ஊர் வடக்கனந்தலைத் தாண்டினால் எனக்குச் சென்னையே வெளிநாடு. ஆனாலும் என் மடியை யாருக்கு விட்டுக்கொடுப்பேன்?

ஜூன் 9
கள்ளக்குறிச்சி. விசா ஏஜென்ட் நிர்மலா எதற்குப் போகிறேன் என்று கேட்டார். காது குத்த என்றேன்.
"அப்பிடிச் சொல்லாதீங்க. இந்த விசாவுல போய் வேலை செய்யக்கூடாதுங்க."
"குத்துறது வேற ஆளுங்க. நான் சும்மா உக்காந்துக்கினு இருப்பேன்."
"சும்மா உக்கார கனடா போறார்னு எழுதட்டுங்களா?"
யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை.

ஜூலை 21
மறுத்துவிட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்று நம்பிக்கை இல்லையாம். கல்யாணம் ஆகாதவன், அங்கேயே தங்கிவிடுவானோ என்று சந்தேகம் என்கிறார் நிர்மலா. அப்படியென்றால் என் கரும்பு? அதற்கு யார் தண்ணீர் கட்டுவது?
அம்மா வேறு: "உனுக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஊருக்குத்தான் தெரியும்னு இருந்தேன். கனடாவுக்கும் தெரிஞ்சிபோச்சா?"

ஜூலை 22
சோறு இறங்கவில்லை. தங்கை வீட்டுக்காரரின் சிநேகிதன் கவியரசன் அங்கே இருக்கிறானாம், அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்கிறாராம் மாப்பிள்ளை. இன்னா நியாயம் இது? அவன் யாரு? அவன் மடி இன்னா மடி?

ஜூலை 24
தங்கை அழுதாள். பிறகு, "பாப்பாவை அங்கயே தூக்கிக்கினு வரேன் அண்ணா." ஒரே சிக்கல், பாப்பா அங்கே பிறந்து அந்த நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டாள். தாய்மாமன் வீட்டுக்கு வர அவளுக்கும் விசா வேண்டும்!

ஆகஸ்ட் 2
பாப்பாவின் விசா விண்ணப்பத்தைத் தங்கை போனில் படித்தாள். கைதானது உண்டா? ஆள் கடத்தியது உண்டா? பயங்கரவாதத்தில் ஈடுபட்டதுண்டா? முளைத்திருப்பதே இரண்டு பல். போட்டோவுக்கு வாயை மூடவைக்க இரண்டு நாள் பிடித்ததாம். எங்கள் வம்சம்தான். இந்தியாவில் தெரிந்தவர் யார் என்ற இடத்தில் என் பெயர். கனடா நம்பாத ஆளை நம்பி ஒரு கனடாக்காரி வருகிறாள்.

ஆகஸ்ட் 19
பாப்பாவுக்கு விசா வந்துவிட்டது. ஆசாரியிடம் தோடு சொல்லியாச்சு.

செப்டம்பர் 4
நேற்றிரவு வந்து சேர்ந்தார்கள். இன்று காலை காது குத்து. ஊசி பட்டதும் அலறல். பாப்பா என் மீசையைப் பிடித்துத் தொங்கினாள், பட்டு வேட்டி நனைந்தது. அப்படியே என் மடியில் தூங்கிப்போனாள். நான் அசையவில்லை.
பாப்பா வந்ததைக் கேள்விப்பட்டு நிர்மலா போன் செய்தார். "வூட்ல வெளிநாட்டுக்காரங்க தங்குனா போலீசுக்குத் தகவல் குடுக்கணுங்க. எப்ப திரும்பிப் போறாங்க?"
அம்மா பக்கத்திலிருந்து, "அவ போவமாட்டான்னு போடச் சொல்லு" என்றாள்.
டிக்கெட்டைப் பார்த்துத் தேதியைச் சொன்னேன். "சரிங்க" என்று எழுதிக்கொண்டார். நான் திரும்புவேன் என்பதை யாரும் நம்பவில்லை. இவள் திரும்பிவிடுவாள் என்பதை மட்டும் ஒரு கேள்வி இல்லாமல் நம்பிவிட்டார்கள்.
கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.