முப்பத்தொரு தடவை நிறுத்தினேன்

பிப்ரவரி 9, திங்கள்

காலை முழுக்க நிலவைச் சலித்தேன். வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் என் வேலை அதுதான். கருங்கல்லை மாவாக அரைத்து, கொட்டகை நிறையக் கொட்டி, நிலவு மண் என்று பெயர் வைத்திருக்கிறது கம்பெனி. எங்கள் ரோவர் அதில்தான் நடை பழகப் போகிறது. தனியார் கம்பெனி, முதல் வண்டி. அசல் நிலவில் இருநூறு மீட்டர் ஓடிக் காட்டினால்தான் அடுத்த ஆர்டர். ஓடினால் என்னையும் நிரந்தரம் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். மனைவி அதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டாள்.

ஒயரைக் கடிக்கும் எலிகளுக்காக யாருக்கும் தெரியாமல் ஒரு பூனையை உள்ளே விட்டிருக்கிறேன். பெயர் சூப்பர்வைசர். நடை அப்படி.

பிப்ரவரி 11

எலி ஒழிந்தது. ஆனால் கொட்டகை நிறையப் பொடி மண்ணைப் பார்த்தால் ஒரு பூனை என்ன செய்யும்? இதை நான் முன்னாடியே யோசித்திருக்க வேண்டாமா? வேலையை முடித்து, மண்ணை அழகாகக் குவித்து மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வருகிறாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

ரோவருக்குப் பாடம் ஆரம்பம். மென்பொருள் பார்க்கிற பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரெண்டு கண்ணாடி'. மூக்கில் ஒன்று, தலையில் ஒன்று, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பாள். அவள் அடுத்த அறையில் கணினியோடு. மண்ணோரம் சிவப்புப் பொத்தானோடு நான்.

"அண்ணே, ஆபத்துன்னு உங்களுக்குத் தோணினா அழுத்துங்க. வண்டி நின்னுடும். எதைப் பாத்து நிறுத்தினீங்கன்னு அதுவே கத்துக்கும்."

தினமும் காலையில் சலித்துச் சுத்தம் செய்துவிடுகிறேன். டீ குடிக்கப் போன நேரத்தில் சூப்பர்வைசர் மறுபடி ஒரு குவியல் போட்டுவிட்டாள். வண்டி நேராக அதை நோக்கிப் போகிறது. சக்கரம் ஏறினால் துடைக்க வருவார்கள். துடைத்தால் தெரியும். தெரிந்தால் அவளும் வெளியே, நானும் வெளியே. அழுத்தினேன்.

"சூப்பர்ண்ணே! கரெக்டா புடிச்சீங்க!" என்று ஸ்பீக்கரில் குரல் வருகிறது. என்னத்தைப் பிடித்தேன்?

மார்ச் 14

இன்றோடு பாடம் முடிந்தது. மொத்தம் முப்பத்தொரு தடவை நிறுத்தியிருக்கிறேன். பூனைக்கு வயிறு சரியில்லையோ?

ஏப்ரல் 7

வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தார். மூக்கைச் சுளித்து, நிலவு இப்படித்தான் நாறுமா என்று கேட்டார். முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அசல் வாசனைங்க, அப்படியே கொண்டுவந்திருக்கோம்" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5

ராக்கெட் கிளம்பியது. நான் அழுதேன். டிவியில் பார்த்து மனைவியும் அழுதாளாம். சூப்பர்வைசர் தூங்கினாள்.

செப்டம்பர் 2, புதன்

இறங்கிவிட்டது! ஒரே கைதட்டல். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்தார்.

ரோவர் ஆறு மீட்டர் போய் நின்றது. முன்னால் ஒரு சின்னக் குவியல். திரையில் 'ஆபத்து' என்று வந்தது. இடது பக்கம் திரும்பினால் குவியல், வலது பக்கம் திரும்பினால் குவியல். நிலவு பூராவும் குவியல்தான் போலிருக்கிறது.

நான் மெதுவாக நகர்ந்து கதவோரம் போய் நின்றேன்.

செப்டம்பர் 3

அவசரக் கூட்டம். ரெண்டு கண்ணாடி எழுந்தாள். "அண்ணன் முப்பத்தொரு தடவை நிறுத்தியிருக்கார். எல்லாமே இதே சைஸ் குவியல். காரணம் இல்லாம செய்ய மாட்டார். அதுல என்னண்ணே பாத்தீங்க?"

எல்லாத் தலையும் என் பக்கம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உள்ள கொஞ்சம் பொதபொதன்னு இருக்கும். சக்கரம் அழுந்திடும்" என்றேன். யோசித்தால், பொய்கூட இல்லை.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். முதலாளி என்னை 'மண் நிபுணர்' என்றார். குவியலைத் தொடாமல் நடுவில் நுழைந்து நுழைந்து போக முடிவாயிற்று. ஒரு நாளைக்கு மூன்று மீட்டர்.

செப்டம்பர் 8

இருபது மீட்டர் தாண்டவில்லை. இன்னும் எட்டு நாளில் அங்கே இருட்டிவிடும். குளிரில் வண்டி செத்துவிடும். அதோடு கம்பெனியும்.

"சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல. என்னன்னு சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி. சொன்னேன். நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிரந்தரம் போனாப் போகுது. அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா இதுக்காக உசிர விட்டுட்டிருக்கா. நாளைக்கே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஐயோ. எப்படிச் சொல்றது? எந்த வார்த்தையில சொல்றது?

செப்டம்பர் 9

சொல்லிட்டேன்.

"சார், அந்தக் குவியல் ஆபத்து இல்ல. பூனை வெளிக்குப் போனது."

"எங்க, நிலவுலயா?"

"இல்ல சார். நம்ம கொட்டகையில."

ரெண்டு கண்ணாடி மூக்கில் இருந்ததைக் கழற்றி, தலையில் இருந்ததைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "முப்பத்தொண்ணுமா?"

"முப்பத்தொண்ணும்மா."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போனேன். சிரிக்கிறாள்! முதலாளி சிரிக்கவில்லை. "அசல் வாசனைன்னு நான் அந்த ஆள்கிட்ட…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் வெளியே போய்விட்டார்.

அந்தப் பாடத்தை அவள் அழித்தாள். சாயங்காலம் ரோவர் முதல் குவியல் மேல் ஏறி இறங்கியது. அழுந்தவே இல்லை. எனக்கு உடனே அழுகை வந்தது.

செப்டம்பர் 14

இருநூற்றுப் பதினான்கு மீட்டர். கேக் வெட்டினார்கள். முதலாளி எனக்கு மட்டும் தட்டை நீட்டவில்லை.

நவம்பர் 16, திங்கள்

ஆர்டர் வந்து, இரண்டாவது ரோவருக்கு இன்று பாடம் ஆரம்பம். காலையில் முதலாளி ஒரு கவரை நீட்டினார். நிரந்தர வேலைக்கான கடிதம். முகத்தைப் பார்க்காமலே, "உங்கள அனுப்பினா ஏன் அனுப்பினேன்னு வெளிய சொல்லணும். அதான்" என்றார். போகும்போது அவர் தோளும் கொஞ்சம் குலுங்கின மாதிரி இருந்தது.

பொத்தானை மறுபடியும் என் கையிலேயே கொடுத்தாள் ரெண்டு கண்ணாடி. கூடவே ஒரு நோட்டு. இனி எத்தனை தடவை அழுத்தினாலும், ஏன் என்று அதில் எழுத வேண்டும். மூலையில் ஒரு பெட்டி நிறையச் சாதா மணலும் வைத்திருக்கிறாள். சூப்பர்வைசர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நேராக நிலவுக்குப் போனாள்.

பத்து நாற்பதுக்கு முதல் தடவை அழுத்தினேன். காரணம் என்ற கட்டத்தில் 'பூனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.