படத்தில் குறையும் மழை

என் எஸ்தருக்கு,

நீ கண்மூடிய பிறகு மழையைப் பற்றிச் சண்டை போட எனக்கு ஆளில்லை. திண்டிவனத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம். சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில், கணினிக்குள் மழையைப் பெய்யவைத்துப் பார்க்கும் வேலை. விடை அழகாக வந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், நீ மட்டும் முகம் சுளிப்பாய். அந்தச் சுளிப்பு இப்போது எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம். காணைப் பக்கம் உங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். அதற்காக, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலைக் குறுக்க வேண்டுமாம். அந்தப் பக்கம் இனி மழை குறையும் என்று ஒரு தனியார் நிறுவனம் ஊர் ஊராக வண்ணப்படம் போட்டு வந்திருந்தது. அதைச் சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏரிக்குக் கீழேதானே உங்கள் தெரு? வழியைக் குறுக்கினால் வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு எங்கே வரும்?

கடந்த கால மழையை அவர்களுடைய கணினி மாதிரி எப்படிக் காட்டுகிறது என்று கேட்டேன். நிறுவனத்து இளைஞர் இரண்டு கோடுகளைக் காட்டினார். அளந்த மழை ஒன்று, கணினி சொன்ன மழை ஒன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. நம் கடலோர மழை எந்த மாதிரிக்கு இவ்வளவு அடங்கியிருக்கிறது?

மெல்லத் துருவினேன். "அளந்த மழைக்கு ஏத்த மாதிரி சரி பண்ணித்தான் போட்டிருக்கோம் மேடம்" என்றார். அப்படியானால் பொருந்தாமல் எப்படி இருக்கும்? மணிவாரியான கணக்கைக் கேட்டேன். அது தேவைப்படாது என்றார். வற்புறுத்திய பிறகே திறந்தார்.

அதில் கிட்டத்தட்ட தினமும் மழை. அதுவும் உச்சிவெயில் நேரத்தில், நசநசவென்று தூறல். நம் ஊரில் நாள்கணக்கில் காய்ந்துவிட்டு, சாயங்காலத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்குமே, அது எங்கேயும் இல்லை. ஆண்டு மொத்தம் மட்டும் சரி. ஏரியை உடைப்பது ஆண்டு மொத்தமா, ஒரே நாள் மழையா?

நான் கையெழுத்துப் போடவில்லை. தலைமை வகித்த அதிகாரி கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் நம்முடைய மாதிரியையே ஓட்டிப் பார்த்தேன். அதிலும் அதே மதியத் தூறல். நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களைச் சிறிதாக்கியபோது மழை சாயங்காலத்துக்கு நகர்ந்தது, ஆனால் ஐப்பசி கார்த்திகைப் பெருமழை கரைக்கு வராமல் கடலிலேயே விழுந்தது. மழை குறையும் என்ற அவர்கள் பேச்சைச் சந்தேகித்த நான், கூடும் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

மறுநாள் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன் அறையில் உரிக்காத மல்லாட்டை மூட்டைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்னமே போயிருந்தது.

"மழ கொறையும்னு படம் காட்னாங்களாமே. நீ இன்னா சொல்ற? நான் இந்த ஊட்லயே இருக்கலாமா, வேற எடம் பாக்கணுமா?"

தெரியவில்லை என்றேன். குறையலாம், கூடலாம், ஆனால் ஒரே நாளில் கொட்டுகிற மழைக்குக் கலங்கல் இப்போது இருக்கிற அகலமாவது வேண்டும், அது மட்டும் நிச்சயம் என்றேன்.

ஒரு மூட்டையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் பண்ணினார்கள். "எம் பொண்ணும் இப்டித்தான் தெரியல தெரியலன்னு சொல்லிக்கினு இருந்தா. அதனாலதான் அவ சொன்னத நான் நம்புனேன்."

அந்த வாரமே அம்மா தெருக்காரர்களோடு போய் மனுக் கொடுத்தார்கள். மணிவாரிக் கணக்கு எதைக் காட்டியது என்று நானும் எழுதிக் கையெழுத்திட்டேன். இந்த மழைக்காலம் முடியும்வரை கலங்கலைத் தொடமாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் அந்தப் படத்துக்குக் கையெழுத்துப் போட வேறொரு ஆய்வாளரைத் தேடுவதாகக் காதில் விழுகிறது. யாராவது கிடைத்துவிடுவார்கள், இல்லையா?

கிடைக்கட்டும். அவரிடமும் மணிவாரியாகக் கேட்பேன். ஐப்பசி பிறந்ததும் விடுப்புப் போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். மழை எப்படிப் பெய்தாலும் அம்மா அந்தத் தெருவில் தனியாக இருக்கமாட்டார்கள்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகளான,
சுமதி