ஆவி வழக்கம் போல

என்னைத் திட்டிக்கொண்டே நூறு வயது வாழ வேண்டிய என் வீட்டுக்காரிக்கு,

உன் புருஷன் எழுதுவது. நான் நலம். முழங்கால் நலமில்லை. அதை நீ எப்படியும் கேட்கமாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினோரு நாள். மாப்பிள்ளையைப் பதறாமல் இருக்கச் சொல். பிள்ளை பெறப்போவது அவரில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசி முடித்துவிடுகிறாய். நேற்றும் "கையெழுத்தைப் போட்டுத் தொலைங்க" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. ஆறாம் வகுப்போடு ஓடிவந்தவன் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். அதற்காக மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே எழுத்துக்கூட்டிப் படி.

மாப்பிள்ளை உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் எரிமலை உச்சிக்குப் போனேன். வேலைக்காகப் போகவில்லை, மூக்குக் கண்ணாடியை எப்போதோ அங்கே விளிம்புப் பெஞ்சில் விட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில் போனேன். கண்ணாடி இல்லை. ஆவியும் இல்லை. எரிமலை வாய்க்குள் நாலு ஓட்டை உண்டே, இருபத்தாறு வருடமாக இஸ் இஸ் என்று ஊதிக்கொண்டிருந்த நாலு ஓட்டை, நாலும் கம்மென்று இருந்தன. நீ மூக்கைப் பொத்துவாயே அந்த அழுகின முட்டை வாடை, அதுவும் இல்லை. ஓட்டை வாயில் மஞ்சள் சேறு இறுகி, பூச்சு வேலை செய்தது போல அடைத்துக்கொண்டிருந்தது.

முழங்காலை மறந்து இறங்கி வந்து கேட்டைப் பூட்டினேன். அப்போதுதான் இரண்டு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது.

நாம் இஸ்திரி என்று பேர் வைத்த மேனேஜர் ஓடி வந்தான். அந்த ஓட்டத்திலும் சட்டை மடிப்புக் கலையவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "பெருசு, சாவியக் குடு" என்றான். "சாவி சட்டைப்பையில இருக்கு, சட்டை என் மேல இருக்கு, நான் கேட்டுக்கு முன்னாடி இருக்கேன். எதை முதல்ல எடுக்கணுமோ எடுத்துக்கோங்க சார்" என்றேன். பஸ்ஸில் வந்தவர்கள் என்னை என்னென்ன சொன்னார்கள் என்று எழுதினால் காகிதம் கெட்டுப்போகும். ஒரு புதுப் பெண் மட்டும், "தாத்தா, மலை நல்லாத்தானே இருக்கு, ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறோமே" என்று கெஞ்சியது. நல்லாத்தான் இருக்கும்மா, அதுதான் எனக்குப் பயம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் திரும்பிப் போனார்கள்.

நீயும் சிரிப்பாய். ஆவி வந்தால் ஆபத்து, நின்றால் என்ன ஆபத்து என்பாய். நீயே சொல்லு. குக்கர் விசில் அடிக்கும்போது நீ பயந்திருக்கிறாயா? அன்றைக்கு விசில் அடைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் அடுப்பில் இருந்தபோது என்னைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியவள் யார்? மேல்கூரையில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. உன் விஷயமும் அதேதான். நீ கத்தும்போது நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன். பேச்சை நிறுத்தினால்தான் செருப்பைத் தேடுவேன்.

விளையாட்டு இல்லை. கீழே படக் கூடத்தில் நான் தினம் துடைக்கிற பலகை எல்லாம் மனப்பாடம். பூமியின் ஓடு ஒரே துண்டு இல்லையாம். பல துண்டு. ஒன்று இன்னொன்றின் அடியில் நுழையும்போது கடல் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறதாம். அந்தத் தண்ணீர் பட்டதும் அடியில் கொதிக்கிற பாறை இளகிக் குழம்பாகிறது. குழம்பு லேசு, மேலே ஏறுகிறது. சோடா புட்டியில் இருப்பது போல அதற்குள் காற்று அடைந்து கிடக்கிறது. வழி இருந்தால் ஊதிக்கொண்டே இருக்கும். வழி அடைத்தால் வெடிக்கும். அதற்குக் குழம்பு வெளியே வரவேண்டும் என்றுகூட இல்லை. ஜப்பானில் ஒன்டாகே என்று ஒரு மலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜனங்கள் உச்சியில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிற நேரம், வெறும் ஆவிதான் வெடித்தது. அறுபது பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இதை இஸ்திரியிடம் சொன்னேன். நில அதிர்வு பார்க்கிற மெஷினில் கோடு நேராகத்தானே ஓடுகிறது என்றான். மெஷினுக்கு மூக்கு ஏது என்றேன்.

இனி வருவதுதான் நீ கேட்கக் கூடாத பகுதி.

அவன் ரிஜிஸ்டரை எடுத்து மேசையில் போட்டான். தினமும் மேலே போய்ப் பார்த்து நான் எழுத வேண்டிய ரிஜிஸ்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக என் கோணல் எழுத்தில் இருக்கிறது: ஆவி வழக்கம் போல, வாடை வழக்கம் போல. திங்களுக்கும் இருக்கிறது. செவ்வாய்க்கும் இருக்கிறது. "பெருசு, முப்பதாம் தேதி வரைக்கும் ஆவி ஒழுங்கா வரும்னு நீயே எழுதி வச்சிருக்கியே, ஜோசியம் எப்ப படிச்ச?" என்றான். டிக்கெட் கொடுக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது.

ஆமாம். இரண்டு வருடமாக, முழங்கால் போனதிலிருந்து, ஒன்றாம் தேதி உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் எழுதிவிடுவேன். காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவேனே, மேலே போகிறேன் என்று நீ டீ போட்டு வைப்பாயே, பாதி நாள் நான் முதல் வளைவுப் பாறையில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வந்தேன். டீக்கு மன்னித்துவிடு.

இஸ்திரி கெட்டவன் இல்லை. எனக்கு ஒரு வழி சொன்னான். வயது காரணமாகப் பார்வை மங்கி, தவறாகப் புரிந்துகொண்டு கேட்டைப் பூட்டிவிட்டேன், மன்னிக்கவும் என்று அவனே டைப் அடித்து வைத்திருக்கிறான். கையெழுத்துப் போட்டால் ரிஜிஸ்டரை மறந்துவிடுவான். வேலை இருக்கும், குவார்ட்டர்ஸ் இருக்கும். போடாவிட்டால் ரிஜிஸ்டர் தலைமை ஆபீஸுக்குப் போகும், ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீ வைத்த மல்லிச் செடியோடு.

நான் போடவில்லை. போடப் போவதும் இல்லை. நான் செய்த தப்பு ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதற்கு மன்னிப்பு கேட்கச் சொன்னால் நூறு தடவை கேட்கிறேன். அவன் அதை விட்டுவிட்டு, நான் செய்த ஒரே நல்ல காரியத்துக்கு மன்னிப்பு கேட்கச் சொல்கிறான்.

அதனால் அவன் அனுப்புவதற்குள் நானே முந்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை தலைமை ஆபீஸுக்கு போன் போட்டு, அங்கே எரிமலைகளைக் கண்காணிக்கிற அதிகாரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டர் பொய், நான்தான் எழுதினேன், ஞாயிற்றுக்கிழமை பார்த்தது மட்டும் நிஜம், என் பேச்சை நம்ப வேண்டாம், வந்து பாருங்கள் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வாடை நின்னு எத்தனை நாளாச்சு?" என்று ஒன்றுதான் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு பதினைந்து நாள் நான் மேலே போகவே இல்லை. அதையும் அவளிடம் ஒத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைதான் அவளால் வர முடியுமாம். அதுவரை கேட்டைத் திறப்பதும் மூடுவதும் மேனேஜர் அதிகாரமாம். சனிக்கிழமை மூன்று பஸ், ஞாயிறு நாலு பஸ் புக்காகி இருக்கிறது. பூட்டை அறுக்க ஆள் சொல்லிவிட்டான் இஸ்திரி. அறுக்கட்டும். பூட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். அறுபத்தெட்டுக் கிலோ. முழங்கால் வேறு மடங்காது, என்னைத் தூக்கி ஓரமாக வைக்க நாலு பேர் வேண்டும். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறான். கூப்பிடு என்றேன். மேற்கிந்தியத் தீவில் பெலே என்ற மலை வெடித்தபோது, பயப்பட ஒன்றுமில்லை என்று பத்திரிகையில் படித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஊரே சாம்பலாகிவிட்டது, தடித்த சுவர் ஜெயிலில் கிடந்த கைதி ஒருவன் பிழைத்தான். அதையும் நான்தான் தினம் துடைக்கிறேன். போன ஞாயிறு வந்த பஸ் டிரைவர் இரண்டு பேரிடமும் பேசிவிட்டேன். ஒருவன் சிரித்தான். ஒருவன் சிரிக்கவில்லை. ஒருவன் போதும், ஆரம்பத்துக்கு.

அமெரிக்காவில் மலையை விட்டு வரமாட்டேன் என்று வீம்பாக உட்கார்ந்து, மலையோடு புதைந்த கிழவன் ஒருவன் படமும் இங்கே மாட்டியிருக்கிறது. நீ அதை நினைத்துக்கொள்வாய். நான் அந்த ஜாதி இல்லை. எனக்கு வீம்பு ஆபீஸிடம்தான். மலையிடம் எனக்கு என்ன வீம்பு, அது என்னைவிடப் பெரிய ஆள். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் திரும்பியதும் நான் மலையை விட்டு இறங்கி நேராக நம் லாரி டிரைவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவனிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது தினமும் நிஜமாகவே மேலே போகிறேன். நோட்டு வாங்கி எழுதுகிறேன். திங்கள் ஆவி இல்லை. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. இன்று வியாழன், நாலாவது ஓட்டைக்குப் பக்கத்தில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு. அளந்து எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் லாரி டிரைவர் கையில் நாளைக் காலை உனக்குக் கிடைக்கும். நாளை சாயங்கால பஸ்ஸில் நீ கிளம்பி வந்து என் காதைத் திருகிக் கையெழுத்து வாங்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். வராதே. வீடு குப்பையாகக் கிடக்கிறது, தண்ணீரும் சரியாக வரவில்லை, நீ இல்லாமல் நான் ரொம்ப நிம்மதியாக இருக்கிறேன். இதில் எதை வேண்டுமானாலும் நம்பு, ஆனால் வராதே. நீ அந்தப் பக்கம் இருந்தால்தான் நான் இந்தப் பக்கம் நாற்காலியில் உறுதியாக உட்கார முடியும்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிள்ளை பிறந்து, தலை நின்று, குப்புற விழுந்து, நீ அதற்குப் பேரெல்லாம் வைத்து முடித்தபிறகு சாவகாசமாகக் கிளம்பி வா. அவசரமே இல்லை. நான் எங்கே போய்விடப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் பேச்சை இந்த ஒரு தடவை மட்டும் கேட்காத,
உன் வீட்டுக்காரன்