தார் ரோட்டில் ஊற்றிய தண்ணீர்

காஜா பெராங், மலாக்கா
6.5.1957

அன்புள்ள கமலவேணிக்கு,

நான் நலம். அம்மை இறங்கிய பிறகு உன் உடம்பு தேறிவிட்டதா? அத்தை, மாமா சுகமா?

நேற்று இங்கே மாரியம்மன் திருவிழா. நீ பிழைத்ததற்காக நானும் பால்குடம் எடுத்தேன். இந்தத் தெருவில் இருக்கும் மலாக்கா செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், ஆனால் பேசுவது மலாய். எல்லோரும் குடும்பமாக வந்திருந்தார்கள். எனக்கு முன்னால், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தேவநாயகத்தின் மனைவி குடத்தோடு நடந்தார். தார் ரோடு கொதித்தது. அவர் கால் சுடக்கூடாதென்று தேவநாயகம் வாளியோடு முன்னே ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே நடந்தார். பொறாமையில் என் வயிறு எரிந்தது. நீ அம்மையில் கிடந்தபோது ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லையே!

அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "பினி மானா, தம்பி?" என்றார். பெண்டாட்டி எங்கே என்று கேட்கிறார்.

"ஊரில்" என்றேன்.

உடனே என் காலுக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கால் குளிர்ந்தது. பொறாமை இன்னும் கூடியது.

இப்போதைக்குக் கொஞ்சம் மஞ்சள்தூளும் உன் போட்டோவும் அனுப்பு. மாமாவுக்குத் தனியாக எழுதுகிறேன். போன வருஷம் உன்னை வரவேண்டாம் என்று எழுதியவன் நான்தான். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டு வா.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

உன்
கருணாகரன்