டீசல் வரிசையில் சொல்லாதது

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷமாகிவிட்டது. நேற்று உங்கள் முதல் திவசம். லண்டனிலிருந்து தம்பி வந்திருந்தான். நீங்கள் ஓட்டிய வேன் இன்னமும் கட்டுகஸ்தோட்டைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு ஓடுகிறது. புது டிரைவர் உங்களைப் போல வாசலில் நின்று ஹோர்ன் அடித்துப் பாட்டுப் போடுவதில்லை என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் லிகிதராக எழுதிச் சம்பாதித்த சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தேன், ஞாபகமா? அதற்கு ஈடாக அவன் அங்கே எனக்கென்று ஒரு நிதியத்தில் முதலிட்டான். உலகமெங்கும் உள்ள எண்ணெய், எரிவாயு, மின்சாரக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி விற்க அதற்கு ஒரு முகாமையாளர் இருக்கிறார். நாம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் மகள் சுபாவின் தாதியர் படிப்புக்கு ஆகட்டும் என்று சம்மதித்தேன். சொன்னால் "பொண்டாட்டி வீட்டுக் காசு நமக்கெதுக்கு" என்று முறுக்கிக்கொள்வீர்கள் என்றுதான் மறைத்தேன்.

பிறகு நாட்டில் எரிபொருளே இல்லாமல் போய் அந்த டீசல் வரிசை வந்தது. மூன்றாம் நாள், பேராதனை வீதியில், வேனுக்குள் சுருண்டு கிடந்தீர்கள். நான் சோறும் தேங்காய்ச் சம்பலும் கட்டிய பார்சலோடு வந்தேன். பாதியைப் பின்னால் நின்ற லொறிக்கார நானாவுக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்:

"எங்கயோ ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு இதுல காசு பாக்குறான் தேவி. அந்த ஆள மட்டும் என் கண்ணுல காட்டு."

அன்று காலைதான் தம்பியின் செய்தி வந்திருந்தது. எண்ணெய் விலை ஏறியதில் நம் நிதியமும் நன்றாக ஏறியிருக்கிறதாம். போன் இருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டு, "சம்பல் போதுமாங்க?" என்று கேட்டேன்.

அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. விலை ஏறியதற்கு நான் காரணமில்லை, தெரியும். ஆனால் நீங்கள் முதுகு வலியோடு கிடந்த நாட்களில் என் பங்கு வளர்ந்ததும் உண்மைதானே?

நேற்று படையல் முடிந்ததும் தம்பி அந்த முகாமையாளரின் கடிதத்தைக் காட்டினான். ஒரு பகுதியைச் சூரிய மின்சாரத்துக்கும் காற்று மின்சாரத்துக்கும் மாற்றுகிறாராம், நாங்கள் பொறுமையாக இருக்க வேண்டுமாம். பொறுமையைப் பற்றி நமக்கா சொல்கிறார்!

"வச்சிருக்கவா, வித்துடவாக்கா?" என்றான்.

"வித்துடுப்பா. அவருக்குத் தெரியாம வச்சிருந்த காசு. தொடவே கூசுது."

அவன் விழித்தான். "மச்சானுக்குத் தெரியுமேக்கா. டீசலுக்கு நின்னப்பவே எனக்குப் போன் பண்ணாரு. 'ஒங்கக்கா வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் நான் கேட்டதச் சொல்லாத. புள்ள படிக்கணும், வித்துடாத'ன்னாரு."

எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? எந்த நாள் அது? நான் பார்சலோடு வந்ததற்கு முன்பா, பின்பா? தம்பிக்கு ஞாபகமில்லை. அந்த ஆளைக் காட்டு என்றபோது, அவள் எதிரிலேயே நிற்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னீர்களா? லேசாகச் சிரித்த மாதிரி இருந்ததே. நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்களா? கடைசிவரை காத்திருந்தீர்களா?

விற்கவில்லைங்க. சுபாவின் படிப்புக்கு வேண்டியதை மட்டும் எடுப்பேன். எடுப்பதற்கு முன்னால், இது எதில் வளர்ந்தது, வளர்ந்த நாட்களில் அவள் அப்பா எங்கே படுத்திருந்தார் என்று அவளிடம் முழுவதும் சொல்வேன். இந்த முறை சம்பலைக் கேட்டுத் தப்பிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் கண்ணில் காட்டச் சொன்ன அந்த ஆள்,
உங்கள் மனைவி தேவி.